குன்னூருக்கு வந்த டாக்டரம்மா



குன்னூர் சிம்ஸ் பூங்காவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கோடையில் பழக் கண்காட்சி நடக்குமே, அந்தப் பூங்காதான். அதற்குப் பக்கத்திலேயே பழைய கட்டடம் ஒன்று கம்பீரமாக நிற்கிறது. அதன் பெயர் பாஸ்டியர் நிறுவனம். வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து தயாரிப்பதற்காக 1907-ம் ஆண்டு தொடங்கப்பட்ட நிறுவனம் அது.

1929-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அந்த நிறுவனத்துக்கு இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த ஒரு பெண் டாக்டர் வந்து சேர்ந்தார். அக்டோபர் மாதம் வரை குன்னூரில் தங்கி ஆராய்ச்சி செய்தார். அவர் தேடி வந்தது ஒரு சத்துப்பொருள். அதற்கு அப்போது பெயர் கிடையாது. அது எப்படி இருக்கும் என்றும் யாருக்கும் தெரியாது. ஆனால் அது இல்லாததால் ஏழைத் தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்று அவர் தேடிய அந்தச் சத்து இன்று இன்னொரு வேலையும் செய்கிறது. புற்றுநோய் செல் எங்கே இருக்கிறது என்று மருந்துக்கு வழிகாட்டும் முகவரியாக விஞ்ஞானிகள் அதைப் பயன்படுத்துகிறார்கள். தாய்மார்களின் ரத்தசோகைக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? லூசி வில்ஸ் என்ற அந்த டாக்டரம்மாவின் வரலாற்றைப் படித்தால் உங்களுக்கே விளங்கும்.

பட்டம் தராத பல்கலைக்கழகம்

லூசி வில்ஸ் 1888-ம் ஆண்டு மே மாதம் 10-ம் தேதி, இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துக்கு அருகிலுள்ள சட்டன் கோல்ட்ஃபீல்ட் என்ற ஊரில் பிறந்தார். வசதியான குடும்பம். அரிவாள் போன்ற கருவிகள் செய்யும் தொழில் அவர்களுக்கு இருந்தது. தந்தை அறிவியல் படித்தவர். அதனால் வீட்டில் செடி கொடிகளைப் பற்றியும், பாறைகளைப் பற்றியும் பேச்சு இருந்துகொண்டே இருக்கும்.

அந்தக் காலத்தில் பெண்களை உயர்கல்விக்கு அனுப்புவது இங்கிலாந்திலும் அரிதுதான். லூசியோ செல்ட்டன்ஹாம் பெண்கள் பள்ளியில் படித்துவிட்டு, 1907-ல் கேம்பிரிட்ஜில் உள்ள நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்தார். தாவரவியலும் நிலவியலும் படித்தார். தேர்விலும் தேறினார். ஆனால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஆண்களுக்கு இணையான பட்டத்தைப் பெண்களுக்கு அப்போது தருவதில்லை. அந்த உரிமை 1948-ல்தான் கிடைத்தது. நன்றாகப் படித்தும், பெண் என்பதால் பட்டம் இல்லை!

அடுத்தடுத்துத் துன்பங்களும் வந்தன. 1911-ல் தந்தை இறந்தார். 1913-ல் அக்கா எடித் 26 வயதிலேயே இறந்துபோனார். அதே ஆண்டு லூசி தம் தாயாருடன் இலங்கைக்குப் பயணம் செய்தார். மறு ஆண்டு தம்பியுடன் தென்னாப்பிரிக்கா சென்றார். அவர்கள் அங்கே இருந்தபோதுதான் முதல் உலகப் போர் மூண்டது. தம்பி படையில் சேர்ந்தார். லூசி கேப்டவுனில் ஒரு மருத்துவமனையில் சில வாரங்கள் தொண்டராக நோயாளிகளைக் கவனித்தார்.

இங்கிலாந்து திரும்பிய லூசி, 1915 ஜனவரியில் லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். பிரிட்டனில் பெண்களை டாக்டர்களாக்கிய முதல் பள்ளி அதுதான். இந்தியாவிலிருந்தும் பல பெண்கள் அங்கே சென்று படித்தார்கள். 1920-ல் லூசி டாக்டரானபோது அவருக்கு வயது 32. உடன் படித்த பலர் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கப் போனார்கள். லூசியோ ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். நோய் எதனால் வருகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் அவருக்கு ஆர்வம்.

பம்பாயில் கேட்ட கேள்வி

அப்போது இந்தியாவில் ஒரு கொடுமை நடந்துகொண்டிருந்தது. கர்ப்பிணிகள் பலருக்குக் கடுமையான ரத்தசோகை வந்தது. முகம் வெளுக்கும், மூச்சு வாங்கும், நடக்க முடியாது. பிரசவத்துக்கு முன்போ பின்போ தாய் இறந்துவிடுவார். பம்பாய் நூற்பாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களிடம் இந்த நோய் அதிகமாகக் காணப்பட்டது. இந்தியாவில் பணியாற்றிய டாக்டர் மார்கரெட் பால்ஃபோர், இதன் காரணத்தைக் கண்டறிய லூசி வில்ஸை அழைத்தார். 1928-ல் லூசி பம்பாய் வந்து ஹாஃப்கின் நிறுவனத்தில் வேலையைத் தொடங்கினார்.

பாதிக்கப்பட்ட பெண்களின் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தார் லூசி. சிவப்பணுக்களின் எண்ணிக்கை மிகவும் குறைந்திருந்தது. இருந்த சிவப்பணுக்களும் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன. ஏன் அப்படி?

நம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் ரத்த செல்கள் பிறக்கின்றன. ஒரு செல் வளர்ந்து இரண்டாகப் பிரியும். இரண்டு நான்காகும். பிரிவதற்கு முன் தன் மரபுப்பொருளை அது ஒரு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். நகல் எடுக்கத் தேவையான சத்து கிடைக்கவில்லை என்றால் செல் பெருத்துக்கொண்டே போகும். ஆனால் சரியாகப் பிரிய முடியாது. பெரிய செல்கள், குறைந்த எண்ணிக்கை! இந்த விளக்கம் பின்னாளில்தான் கிடைத்தது. லூசி பார்த்தபோது அது ஒரு புதிராகவே இருந்தது.

அந்தப் பெண்கள் தினமும் என்ன சாப்பிடுகிறார்கள் என்ற எளிய கேள்வியை லூசி கேட்டார். பம்பாயில் பல தரப்புப் பெண்களின் உணவுப் பழக்கத்தை விசாரித்துக் குறித்துக்கொண்டார். கீரை, காய்கறி, பழம், பால் எதுவும் போதிய அளவு கிடைக்காத ஏழைப் பெண்களுக்குத்தான் நோய் அதிகமாக வருகிறது என்று தெரிந்தது. ஆக, உணவில் ஏதோ ஒன்று குறைகிறது. அது எது?

எலி, பேன், குரங்கு

இந்தக் கேள்வியோடுதான் அவர் குன்னூர் வந்தார். பாஸ்டியர் நிறுவனத்தில் அப்போது ராபர்ட் மெக்காரிசன் என்ற அறிஞர் உணவு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட வட இந்திய உணவைச் சில எலிகளுக்குக் கொடுத்தார். அரிசியே மிகுந்த தென்னிந்திய ஏழைகளின் உணவை வேறு சில எலிகளுக்குக் கொடுத்தார். முதல் கூட்டம் கொழுகொழுவென்று வளர்ந்தது. இரண்டாவது கூட்டம் மெலிந்து நோயில் விழுந்தது. உணவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைப் படிக்க லூசிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது. குன்னூரில் நடந்த அந்த உணவு ஆராய்ச்சிதான் பிறகு ஐதராபாத்துக்கு இடம் மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

லூசியும் எலிகளை வைத்து ஆராய்ந்தார். ஏழைப் பெண்கள் சாப்பிட்ட அதே உணவை எலிகளுக்குக் கொடுத்தார். கருவுற்ற எலிகளுக்கு ரத்தசோகை வந்தது. உணவோடு ஈஸ்ட் சேர்த்துக் கொடுத்தால் வரவில்லை. வெற்றி என்று நினைத்தபோது ஒரு சிக்கல் முளைத்தது. எலிகளின் உடம்பில் பேன் இருந்தது! பேன் பரப்பும் கிருமியாலும் எலிகளுக்கு ரத்தசோகை வரும். அப்படியானால் நோய்க்குக் காரணம் உணவா, பேனா?

வேறொருவராக இருந்தால் பேனைப் பற்றி வாய் திறக்காமல் முடிவை அறிவித்திருக்கலாம். லூசி அப்படிச் செய்யவில்லை. சந்தேகம் இருக்கும் சோதனையை நம்பக் கூடாது என்று, குரங்குகளை வைத்து மறுபடியும் ஆராய்ச்சியைத் தொடங்கினார். சத்துக் குறைந்த உணவு தின்ற குரங்குகளுக்கும் அதே ரத்தசோகை வந்தது. சாகும் நிலையில் இருந்த ஒரு குரங்குக்கு மார்மைட் என்ற பொருளைக் கொடுத்தார்கள். பீர் தயாரிக்கும்போது மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும், உப்புக் கரிக்கும் பழுப்பு நிறப் பசை அது. இங்கிலாந்தில் ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். விலையும் குறைவு. என்ன ஆச்சரியம்! அந்தக் குரங்கு பிழைத்து எழுந்தது.

அடுத்ததாக நோயுற்ற பெண்களுக்கே மார்மைட் கொடுத்துப் பார்த்தார். அவர்களும் தேறினார்கள். அதுவரை சில வகை ரத்தசோகைக்கு ஈரலிலிருந்து எடுத்த சத்து மருந்தாகத் தரப்பட்டு வந்தது. நன்றாகச் சுத்திகரித்த ஈரல் சத்து இந்தப் பெண்களுக்குப் பலன் தரவில்லை. சுத்திகரிக்காத ஈரல் சத்து பலன் தந்தது. இதிலிருந்து, சுத்திகரிக்கும்போது வெளியே போய்விடும் வேறொரு சத்துதான் இவர்களைக் காப்பாற்றுகிறது என்று லூசி சரியாக ஊகித்தார்.

1931-ன் தொடக்கத்தில் சென்னையிலும் அவர் ஆராய்ச்சி செய்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி அரசு மருத்துவமனை என்று அழைக்கப்படும் கோஷா ஆஸ்பத்திரிதான் அந்த இடம். அதே ஆண்டு ஜூன் மாதம் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. பெயர் தெரியாத அந்தச் சத்தை மருத்துவ உலகம் வில்ஸ் காரணி என்று அழைத்தது.

கீரையில் கிடைத்த பெயர்

வில்ஸ் காரணி என்றால் உண்மையில் என்ன? விடை தெரியப் பத்து ஆண்டுகள் ஆயின. 1941-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று விஞ்ஞானிகள் நான்கு டன் பசலைக் கீரையை எடுத்து, அதிலிருந்து ஒரு பொருளைத் துளியளவு பிரித்தார்கள். இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். லூசி தேடிய சத்தும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இந்த இடத்தில் நம் கதைக்குள் இன்னொருவர் வருகிறார். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திராவின் பீமவரத்தில் 1895-ல் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாவது முயற்சியில்தான் தேறினார்! பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்றார். அவருடைய சகோதரர் ஸ்புரூ என்ற குடல் நோயால் இறந்தவர். அந்த நோயிலும் கடுமையான ரத்தசோகை வரும். அந்தத் துயரம் சுப்பாராவின் நெஞ்சில் இருந்தது. லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தில் அவர் தலைமையில் பணியாற்றிய குழு, 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது. நான்கு டன் கீரை இனித் தேவையில்லை. மருந்தைத் தொழிற்சாலையிலேயே செய்யலாம். ஸ்புரூ நோயாளிகளுக்கும் அது பயன்பட்டது.

போலிச் சாவி

குழந்தைகளே, இங்கேதான் கதை புற்றுநோய்ப் பக்கம் திரும்புகிறது.

ரத்த செல் பிரிய ஃபோலிக் அமிலம் வேண்டும். தாயின் வயிற்றில் குழந்தை வளரவும் அது வேண்டும். ஏனென்றால் அங்கே செல்கள் வேகவேகமாகப் பிரிகின்றன. அதேபோல வேகமாகப் பிரியும் செல் இன்னொன்று உண்டு. அதுதான் புற்றுநோய் செல். நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல், கட்டுப்பாடின்றிப் பிரிந்துகொண்டே போவதுதான் புற்றுநோய். அதற்கும் இந்தச் சத்து தேவை.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் இருந்தார். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் சில வாரங்களிலேயே இறந்துபோவதைப் பார்த்து வருந்தினார். ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தபோது நோய் குறையவில்லை, அதிகமாவதுபோல் தோன்றியது. அப்படியானால் அந்தச் சத்து புற்றுநோய் செல்லுக்குக் கிடைக்காமல் செய்தால் என்ன என்று யோசித்தார்.

சுப்பாராவின் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலிப் பொருள்களைச் செய்து கொடுத்தார்கள். இது ஒரு போலிச் சாவி மாதிரி. பூட்டுக்குள் நுழையும், ஆனால் திறக்காது. உண்மைச் சாவியையும் நுழைய விடாது! செல் ஏமாந்துபோய்ப் பிரிய முடியாமல் மடியும். அமினாப்டெரின் என்ற அந்த மருந்தை ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தணிந்தது. படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து விளையாடினார்கள். சில மாதங்களில் நோய் திரும்பிவிட்டது உண்மைதான். ஆனாலும் ரத்தப் புற்றுநோயை மருந்தால் அடக்க முடியும் என்று 1948 ஜூன் மாதம் உலகத்துக்குத் தெரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் சுப்பாராவ் தம் 53-வது வயதில் காலமானார்.

அதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து அடுத்து வந்தது. கர்ப்பத்தை ஒட்டிப் பெண்களுக்கு வரும் ஒருவகைப் புற்றுநோயை 1956-ல் இந்த மருந்து குணப்படுத்தியது. கர்ப்பிணிகளைக் காப்பாற்றத் தேடிய சத்தின் போலி வடிவம், மறுபடியும் தாய்மார்களையே காப்பாற்றியது. மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

சைக்கிளில் வந்த தலைமை டாக்டர்

லூசி என்ன ஆனார்? இங்கிலாந்து திரும்பி ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பணியைத் தொடர்ந்தார். இடையில் 1937-லும் இந்தியா வந்து ஆராய்ச்சி செய்தார். இரண்டாம் உலகப் போரின்போது 1944-ல் அவர் வேலை செய்த ஆய்வுக்கூடப் பகுதியிலேயே குண்டு விழுந்து சிலர் இறந்தார்கள். லூசி அங்கேயே தொடர்ந்து பணியாற்றி, அந்தப் பிரிவின் தலைவரானார். பெரிய டாக்டர்கள் காரில் வந்து இறங்கிய காலத்தில் அவர் சைக்கிளில் வேலைக்கு வந்தார்.

1947-ல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று பயணம் செய்து மக்களின் உணவையும் ரத்தசோகையையும் ஆராய்ந்தார். லண்டனில் செல்சி பகுதியின் கவுன்சிலராகவும் தொண்டு செய்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1964 ஏப்ரல் 16 அன்று 75-வது வயதில் மறைந்தார். 2019-ம் ஆண்டு அவருடைய பிறந்த நாளன்று கூகுள் நிறுவனம் தன் முகப்பில் அவர் படத்தை வரைந்து பெருமை செய்தது.

கொழுந்து பறிக்கும் மருந்து

லூசி மறைந்த பிறகும் அவர் தேடிய சத்தின் கதை முடியவில்லை.

மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளில் ஒரு குறை உண்டு. ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் போய்விடும். தலைமுடியின் வேர், வாயின் உள்தோல், குடலின் உட்புறம், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் உள்ள நல்ல செல்களும் வேகமாகப் பிரிபவை. மருந்து அவற்றையும் தாக்கும். அதனால்தான் சிகிச்சை பெறுபவர்கள் சிலருக்கு முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, வாந்தி வருகிறது. சிகிச்சை முடிந்த பிறகு முடி மீண்டும் வளரும். உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் கேலி செய்யாதீர்கள். அந்த நோய் தொற்றிக்கொள்ளாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

நல்ல செல்லை விட்டுவிட்டுக் கெட்ட செல்லை மட்டும் மருந்து தாக்கக் கூடாதா? நம் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? செடியில் எத்தனையோ இலைகள் இருக்கும். அவர்கள் விரல் இரண்டு இலையும் ஒரு மொட்டும் உள்ள கொழுந்தைத்தான் கிள்ளும். முற்றிய இலையைத் தொடாது. மருந்துக்கும் அப்படி ஆளறிந்து செல்லும் திறமை வேண்டும்.

அதற்கு விஞ்ஞானிகள் இரண்டு வேலைகளைச் செய்கிறார்கள். முதலாவது, மருந்தை மிக நுண்ணிய பொட்டலமாகக் கட்டுவது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். இந்தப் பொட்டலங்களில் பல 100 நானோமீட்டரைவிடச் சிறியவை. இவற்றை நானோ துகள்கள் என்கிறோம். கொழுப்பாலான நானோ குமிழிக்குள் மருந்தை அடைத்த முதல் புற்றுநோய் மருந்துக்கு 1995-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. இந்தக் குமிழி அடைப்பினால், அந்த மருந்து இதயத்துக்குச் செய்யும் கெடுதல் குறைந்தது.

இரண்டாவது வேலை, பொட்டலத்தின் மேல் முகவரி ஒட்டுவது. அந்த முகவரிதான் ஃபோலிக் அமிலம்! சில வகைப் புற்றுநோய் செல்கள் இந்தச் சத்துக்காக அலைவதால், அதைப் பிடித்து உள்ளே இழுக்கும் கைகளைத் தம் மேற்பரப்பில் ஏராளமாக வைத்திருக்கின்றன. அவற்றுக்கு ஏற்பிகள் என்று பெயர். சினைப்பைப் புற்றுநோய் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நல்ல செல்களில் பெரும்பாலானவற்றில் இந்தக் கைகள் மிகவும் குறைவு. ஃபோலிக் அமிலம் ஒட்டிய பொட்டலம் வந்ததும் புற்றுநோய் செல் சாப்பாடு வந்துவிட்டது என்று ஆசையாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே இருப்பதோ மருந்து!

2005-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், 5 நானோமீட்டருக்கும் குறைவான துகள் ஒன்றில் வழிகாட்டியாக ஃபோலிக் அமிலத்தையும், மருந்தாக மெத்தோட்ரெக்சேட்டையும் சேர்த்துக் கட்டினார்கள். லூசி தேடிய சத்தும், சுப்பாராவ் குழுவின் வழியில் வந்த மருந்தும் ஒரே பொட்டலத்தில்! அதை எலிகளுக்குச் செலுத்தியபோது, மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்ததைவிட நன்றாகக் கட்டி கட்டுப்பட்டது. பக்க விளைவும் குறைந்தது.

எலிக்குப் பலித்தது எல்லாம் மனிதருக்கும் பலித்துவிடாது. நானோ துகள்களில் பெரும்பகுதியை நம் ஈரலும் மண்ணீரலும் வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. எல்லாப் புற்றுநோய் செல்லிலும் இந்தக் கைகள் இருப்பதில்லை. சிறுநீரகம் போன்ற நல்ல உறுப்புகளிலும் சில இருக்கின்றன. அதனால் ஆராய்ச்சி தொடர்ந்து நடக்கிறது.

ஆனால் முகவரி சரியானதுதான் என்று தெரிந்துவிட்டது. 2021-ல் அமெரிக்கா ஒரு சாயத்துக்கு அனுமதி தந்தது. நானோ துகள் இல்லாவிட்டாலும் அதுவும் இதே முகவரியைத் தேடிப் போவதுதான். அறுவை சிகிச்சையின்போது சிறப்புக் கேமராவில் புற்றுநோய் உள்ள இடம் ஒளிர்ந்து காட்டும். டாக்டர் கண்ணுக்குத் தப்பிய சிறு கட்டியும் தெரிந்துவிடும். 2022-ல் இதே ஏற்பியைக் குறிவைக்கும் ஒரு மருந்துக்கும், சினைப்பைப் புற்றுநோய்க்காக அங்கே அனுமதி கிடைத்தது.

நம் தட்டில் இருக்கும் மருந்து

லூசியின் கண்டுபிடிப்பு தூர தேசத்து ஆய்வுக்கூடத்தில் மட்டும் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பள்ளியில் வளரிளம் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை தருகிறார்களே, அந்த நீல நிற மாத்திரையில் இரும்புச்சத்தோடு ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. உங்கள் அம்மா உங்களைச் சுமந்தபோது டாக்டர் கொடுத்த மாத்திரையிலும் அது இருந்திருக்கும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் சரியாக உருவாக அது அவசியம். கீரை, பயறு, கடலை, ஆரஞ்சு இவற்றிலும் அது இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டில் கீரையை ஓரமாக ஒதுக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்! ஆனால் ஃபோலிக் அமிலம் புற்றுநோயைக் குணமாக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அது சத்து, வழிகாட்டி. நோயைத் தாக்குவது அதனுடன் சேர்ந்து போகும் மருந்துதான்.

குழந்தைகளே, லூசி வில்ஸ் குன்னூரில் இருந்தபோது நானோ துகள் என்ற சொல்லே கிடையாது. புற்றுநோய்க்கு மருந்து தேடியும் அவர் வரவில்லை. ஏழைப் பெண்கள் ஏன் சாகிறார்கள் என்று கவலைப்பட்டு, அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். பேன் விழுந்த சோதனையைப் பூசி மெழுகாமல் மறுபடியும் செய்தார். அந்த நேர்மையான உழைப்பின் மேல்தான் சுப்பாராவும் ஃபார்பரும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் ஒவ்வொரு படியாகக் கட்டினார்கள்.

அடுத்த முறை சிம்ஸ் பூங்காவுக்குப் போனால், பக்கத்தில் உள்ள அந்தப் பழைய கட்டடத்தையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். லூசி வில்ஸ் அங்கே வேலை செய்தார் என்று உங்கள் தம்பி தங்கைகளுக்குச் சொல்லுங்கள். உங்களுக்கு ஏதாவது ஒன்று புரியாவிட்டால், ஏன் என்று கேட்கத் தயங்காதீர்கள்!